ஏழு சதுர மீட்டர்

ராதாபுரத்துப் பொட்டலில் நான் ஏறுவதற்கும்
காத்தாடி என்றுதான் பேர்.
எண்பது மீட்டர், இரும்பு ஏணி,
உள்ளே கிரீஸ் வாசம், ஒரு பல்லிக் குடும்பம்.
லீவு நாளில் கூத்தங்குழிக் கரையில்
மணல் ஒட்ட ஒட்ட நான் விரிப்பதற்கும்
அதே பேர்தான்.
முதலாவது சம்பளம் தருகிறது.
இரண்டாவது அதைத் தின்கிறது.

இரண்டுக்கும் தீனி ஒரே கச்சான் காற்று.
ஆனால் அதற்கு மூளை உண்டு.
காற்று மிஞ்சினால் இறக்கையைச் சாய்த்துக்கொள்ளும்.
இன்னும் மிஞ்சினால்
போதும்டா சாமி என்று நின்றுவிடும்.
இதற்கு மூளை நான்தான்.
ஐம்பத்துநாலு கிலோ.

ஆடி மாசத்து இரண்டாம் சனி.
சேர்மக்கனியின் லோடு ஆட்டோவில்
மூன்று பைகள் இறங்குகின்றன.
பன்னிரண்டு மஞ்சள்,
ராமேஸ்வரத்தில் கடையை மூடியவரிடம் பாதி விலைக்கு வாங்கியது.
ஒன்பது ஊதா. அதைப் பிடித்துக்கொண்டு நின்றால்
போட்டோவில் நான் வேறு யாரோ.
ஏழு சாம்பல்.
அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

“பன்னெண்ட எடு எப்சி, தூக்கிக் குடுக்கும்லா.”
குடுக்கும்.
சொல்கிறவன் தொண்ணூற்றொன்று கிலோ.
அவனை நகர்த்துவது என்னைக் கொண்டுபோய்விடும்.
போன வருஷம் போனேன்:
கரை, கருவாடு காய்ந்த தார்ப்பாய், உடைமரம்
என்ற வரிசையில்.
முழங்காலுக்குள் ஒரு முள்
வெளியே வருவதா வேண்டாமா என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

காலையில் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டேன்.
நொடிக்குப் பதினொரு மீட்டர் என்றார்கள்.
அது உச்சாணியில் வீசுகிற காற்று.
கீழே வருவது
பனைகளில் இடறி, தேரியில் உருண்டு,
கோயில் கோபுரத்தில் ஒரு முறை கிழிந்து வருவது.
அதற்கு எண் கிடையாது.
மணல் கணுக்காலைக் குத்தினால் மஞ்சள் என்பது என் கணக்கு.
இன்று பல்லில் கடிபடுகிறது.

தெரிந்தும்
ஊதாவைத்தான் விரித்தேன்.
பம்பை மிதித்து அழுத்துகிறேன். ஓரக்குழாய் புடைக்கிறது,
பாதி உயிர் வந்த திருக்கைமீன் போல மணலை அறைகிறது.
சேர்மக்கனி செல்போனைத் துடைத்துத் தயாராக நிற்கிறான்.
அப்போது ஓர் அடி அடித்தது.
கால்மாட்டில் இருந்த காலிப் பை
கடலைப் பார்த்துக் கிளம்பிப் போய்விட்டது.

வள்ளத்தில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்த ரெக்ஸ்லின்
போகிற பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
“அது கரைக்கு வராது. நீயும் வர மாட்ட.
ஒன்னத் தூக்க வர்றதுக்கு
தனியா துட்டு வாங்குவேன்.”

காற்றை இறக்க மூடியைத் திறந்தேன்.
ஒன்பது சதுர மீட்டர் பெருமை
புஸ்ஸென்று போகிற சத்தம்
வலை பிரித்துக்கொண்டிருந்த ஆறு பேருக்கும் கேட்டது.

ஏழோடு இறங்கினேன்.
முதல் பத்து நிமிஷம் வெறும் அவமானம்.
காற்று மூச்சு வாங்கப் போய்விட,
பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு
குளத்து எருமை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.
சாம்பல் துணி தலைக்கு மேல் தூங்கியது.
கரையில் ஒருவன் கையால் பன்னிரண்டு காட்டினான்.

பிறகு
தண்ணீரின் தோல் கறுத்து வருவதைப் பார்த்தேன்.
இருபது பாகம் தள்ளி, பத்து பாகம் தள்ளி,
வந்து அடித்தது.
நான்கு கயிறும் ஒரே சமயத்தில் இறுகின.
இடுப்புப் பட்டை விலாவை நெரித்தது,
பலகையின் விளிம்பு கடித்துப் பிடித்தது.
கம்பியை அரைச் சாண் தள்ளினேன். கேட்டது.
இழுத்தேன். கேட்டது.
ஓய்வு காற்றுக்குப் பட்டம் எடுத்தால்
அடிகாற்றுக்கு யார் பதில் சொல்வது?
இதைக் கத்திச் சொன்னேன்.
வாய் நிறைய உப்பு.

திரும்பும்போது கரை முழுக்கத் தெரிந்தது.
பனைகளுக்குப் பின்னால் வெள்ளை இறக்கைகள்,
வரிசை வரிசையாய்.
நாற்பத்தேழாம் நம்பர் மட்டும் நிற்கிறது.
பிரேக் கட்டை தேய்ந்திருக்கும்.
திங்கட்கிழமை ஏற வேண்டும்.